ஒரு ஆம்பியர், கொஞ்சம் குறைவு

பூர்ஜ் ஹம்மூதில் எனக்கு மின்சாரம்
கயிறு மாதிரி, தடிமன் பார்த்து வருகிறது.
தெருமுனை ஜெனரேட்டர்காரர் அபு ஃபாதி
என் வீட்டுக்கு அளந்து விட்டது ஐந்து ஆம்பியர்.
ஓர் இழை கூடுதலாக இழுத்தாலும்
கீழே இரும்புப் பெட்டிக்குள்
டக்.
நான் ஆறாவது மாடி.
லிஃப்ட் நின்று மூன்று வருஷம்.
இறங்க தொண்ணூற்று நான்கு படி.
ஏறவும் அவ்வளவுதான் என்கிறார்கள்,
நான் நம்புவதில்லை.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு.
ராத்திரி பதினொன்றுக்கு
மணப்பெண் மெதுவாகத் திரும்பிச்
சிரிக்கப்போகும் இடம் பார்த்து
ஃப்ரிட்ஜுக்கு முழிப்பு வரும்.
டக்.
பெண் போனாள், மாப்பிள்ளை போனான், கேக் போனது.
டார்ச்சைக் கவ்விக்கொண்டு நான் படியிறங்கினேன்.

பழைய பவர் சப்ளை புகைந்து அடங்கிய அன்று
இரண்டு கடையில் கேட்டேன்.

கஸ்ஸான் சொன்னார்:
"பவர் ஃபேக்டர் திருத்தமா? அது பெட்டிமேல் ஒரு ஸ்டிக்கர்.
மீட்டர் எண்ணுவது வாட்டை.
உன் பில்லில் ஒரு லீரா குறையாது.
மலிவானதை எடு, மிச்சத்தில் செருப்பு வாங்கு."
அவர் பொய் சொல்லவில்லை.
பின்னால் மறந்துவிடுவேன் என்று
இங்கேயே எழுதிவைக்கிறேன்.

வார்ட்கெஸ் வாயே திறக்கவில்லை.
மேஜையடியிலிருந்து ஒரு கிடுக்கி மீட்டர் எடுத்து
வயரின் கழுத்தில் மாட்டினார்.
மலிவானது: இரண்டு புள்ளி மூன்று.
அதே கம்ப்யூட்டர், அதே வேலை,
திருத்தம் உள்ளது: ஒன்று புள்ளி நான்கு.
பிறகு பச்சைத் திரையைத் திருப்பிக் காட்டினார்.
மலிவானது அலை முழுக்கப் பட்டினி கிடந்து
உச்சிக்கு வந்ததும் ஒரே மடக்கில் விழுங்குகிறது;
அந்த விழுங்கலுக்கும் சேர்த்துத்தான்
கம்பி பருத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது.
மற்றது அலையோடு ஏறி அலையோடு இறங்கி
சொட்டுச் சொட்டாய்க் குடிக்கிறது.
வயிறு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அப்போதுதான் உறைத்தது:
என் பிரேக்கருக்கு வாட் தெரியாது.
அது படித்ததெல்லாம் ஆம்பியர்.

முப்பது டாலர் கூடுதல். செருப்பு இல்லை.

அன்றிரவு ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியதும்
கால்கள் தாமாகவே கதவுப்பக்கம் திரும்பின.
காத்திருந்தேன்.
விசிறி சுற்றியது. விளக்கு நின்றது.
பெண் திரும்பினாள், சிரித்தாள்;
முன்பல்லில் ஓர் இடைவெளி இருந்தது.
மூன்று வாரமாக இவளை வெட்டுகிறேன்,
இதைப் பார்த்ததே இல்லை.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கவிதையாகியிருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு அபு ஃபாதி ஜெனரேட்டரை அணைப்பார்.
என் யுபிஎஸ் அதை ஏந்திக்கொள்ளும்,
ஐந்து வருஷமாக ஏந்திய பழக்கம்.
அது மலிவு ரகம்; அதன் அலைக்கு வளைவு கிடையாது,
படிக்கட்டு மாதிரி மூலைமூலையாய் வரும்.
பழைய பவர் சப்ளை எதையும் விழுங்கும்.
புதியதற்கு நாக்கு நீளம்.
ஒரு வாய் வைத்துப் பார்த்தது,
இது என் அலையில்லை என்று
கண்ணை மூடிவிட்டது.
நாற்பது நிமிட வேலை. பல் இடைவெளியோடு.

மறுநாள் காலை வார்ட்கெஸ் முன்னால் நின்றேன்.
"யுபிஎஸ் இருக்கிறது என்று சொன்னாயா, நாயிரி?"
சொல்லவில்லை.
வளைந்த அலை தரும் யுபிஎஸ் விலை கேட்டேன்,
கேட்டதோடு வந்துவிட்டேன்.
பதினொன்று ஐம்பதுக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.
அடித்ததும் சேமித்துவிட்டு
எல்லாவற்றையும் நானே அணைத்துவிடுவேன்.

லியோனிலிருந்து சிரானுஷ் கேட்டிருந்தாள்,
எதை வாங்கட்டும் என்று.
உன் ஊரில் உன்னை எதனால் எண்ணுகிறார்கள்
என்று திருப்பிக் கேட்டேன்.
வாட்டாலா, ஆம்பியராலா?
இருட்டில் உனக்கு ஊட்டுவது யார்,
அவன் அலை எப்படி?
இவ்வளவு கேட்டதும் அவள்
லேப்டாப் வாங்கிவிட்டாள்.

நேற்று அபு ஃபாதி போன் செய்தார்.
"பத்து நாளாகப் பெட்டிப்பக்கம் உன்னைக் காணோம்.
ஊரில் இல்லையா,
இல்லை வேறு ஜெனரேட்டரா?"